பாதி வழியில் இறங்கியவனைப் பற்றி

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ரூபாவின் அப்பா உன்னிடம் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. பிடிவாதக்காரன் என்றேன். கோபம் வந்தால் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டான் என்றேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்காது என்றேன். பிறகு, யாரும் கேட்காமலேயே, பிளஸ் டூ படிக்கும்போது பரீட்சைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கிவிட்டவன் என்றும் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியா" என்றார். மறுநாள் மதுரையிலிருந்து உனக்குப் போன் செய்து, கல்யாணத்தைப் பற்றி யோசிக்க இரண்டு வாரம் வேண்டும், பாதியில் இறங்கிப் போகிறவர் என்று உங்கள் அம்மாவே சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறார். நீ எனக்குப் போன் செய்தாய். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "காலேஜுல ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் நல்லத மட்டும் கேளுங்கன்னு பாடம் எடுக்கியே. பெத்த பிள்ளையப் பத்தி ஒரு நல்லது சொல்ல வாய் வராதாம்மா?" என்றாய். வைத்துவிட்டாய்.

எரிச்சலாக இருக்கிறது. உன் மேல், அவர் மேல், என் மேல். வரிசை நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அதனால் இந்தக் கடிதம் ஒழுங்காக இருக்காது. போனில் சொன்னால் இடையிடையே "சரிம்மா, சரிம்மா" என்பாய். வைக்கப் போகிறாய் என்று அதற்கு அர்த்தம். எழுதினால் உன்னால் இடையில் நுழைய முடியாது. நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் இதைப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. நாலு பேர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. எனக்குத் தெரியும். நான் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. ரூபாவை நீதான் பார்த்தாய், நீதான் பேசினாய், பெங்களூரில் இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம். எங்களுக்கு மிச்சம் வைத்தது ஒரு மத்தியானச் சாப்பாடும் ஒரு சம்பாஷணையும் மட்டும். அதைத்தான் நான் கெடுத்தேன். அவர்கள் பதினொரு மணிக்கு முட்டம் வந்து சேர்ந்தார்கள். ரூபாவின் அப்பா முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்று நீ சொல்லியிருந்தாய். பெரும்பாலும் நாக்பூர்ப் பக்கம். ஒரு பிளாஸ்டிக் கோப்பு கொண்டுவந்திருந்தார். அதில் ரூபாவின் சான்றிதழ்கள். எல்.கே.ஜி.யில் படம் வரைந்து வாங்கிய பரிசிலிருந்து தொடங்கினார். "எங்க ரூபா மாதிரி பொறுப்பான பொண்ணை நீங்க பார்க்கவே முடியாதுங்க" என்றார். ஒரு மணி நேரம். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்காக. தன் பெண்ணைத் தானே இப்படி மெச்சுகிற ஒரு மனிதரை நான் நம் ஊரில் பார்த்ததில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது, எல்லோரும் சொல்வதுபோல நானும் சொன்னேன்: "கொழம்பு ஒண்ணும் சரியா வரல்ல. உப்பு கூடிப்போச்சு." அதற்கு விருந்தாளி என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நம் தெருவில் தவழுகிற பிள்ளைக்குத் தெரியும். அவர் ஒரு கவளம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, கொஞ்சம் கூடத்தான்" என்றார்.

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. சாப்பாடு முடிந்து, "தம்பியைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டார். நான் பிடிவாதத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நாம் ஒரு குறையை வைப்போம், வந்தவர் அதை எடுத்து எறிவார்: பிடிவாதம் இல்லாத ஆம்பளைப் பிள்ளை எங்கே இருக்கு, தங்கமான பிள்ளை, அப்படிச் சொல்லாதீங்க. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. நல்லதைச் சொல்வது மற்றவரின் பங்கு. அவர் தன் பங்கைச் செய்யவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த மௌனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு குறையை வைத்தேன். அதுவும் அங்கேயே கிடந்தது. இன்னொன்று. நான்காவதாகத்தான் பஸ் வந்தது. உன் அப்பா அவ்வளவு நேரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் சொன்னார்: "ஏட்டி, பேசி முடிக்க வந்தவியகிட்ட சொந்தப் பிள்ளைக்கு எதிர்க்கட்சி வக்கீலா நின்னிருக்க."

"நீங்க வாயத் தெறந்து ஒரு நல்லது சொல்லிருக்கலாமே."

"நான் சொன்னா பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்னு அடுப்படியில நின்னு மொறைப்பியே. இருவத்தாறு வருசமா மொறைச்சிருக்க. பழகிப்போச்சு."

உண்மை. படகு இஞ்சினைப் பிரித்துப்போட்டால் ஒரே மூச்சில் நாற்பது விஷயம் பேசுகிற மனிதர். உன்னைப் பற்றிப் பேச விடாமல் வைத்திருந்தது நான்தான். நீ பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "ஏதோ பாஸாயிட்டான்" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உன்னிடம் வந்து என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "கொள்ளாம்." நம் ஊரில் மெச்சுவதற்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அதையும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வோம்.

என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உன்னிடம் சொல்லப் பார்த்தேன். பொய். மாற்ற மேலாண்மை என்று ஒரு தாள், இரண்டாம் வருட எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு. அதில் ஒரு பகுதி அப்ரிஷியேட்டிவ் என்கொயரி. மெச்சி விசாரித்தல் என்று தமிழில் நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன்; என்னைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தை மாற்ற வேண்டுமா, எது கெட்டுப்போயிருக்கிறது என்று தொடங்காதே. எப்போது நன்றாக நடந்தது என்று அங்கே இருப்பவர்களைக் கேள். அந்தக் கதைகளைச் சேர். அவற்றில் பொதுவாக என்ன இருந்தது என்று பார். அது இன்னும் அதிகமாக இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய். பிறகு திட்டம். பிறகு வேலை. பலகையில் நான்கு வட்டம் போட்டு அம்புக்குறியால் இணைப்பேன். அழகாக இருக்கும். ஏழு வருடமாக அழகாக இருக்கிறது. ஏழு வருடமாக ஒரு வகுப்பும் முதல் வட்டத்தைத் தாண்டியதில்லை.

ஏனென்றால் முதல் வட்டத்தில் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, நீ மிக நன்றாக வேலை செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல் என்று ஒருவர் மற்றவரைக் கேட்க வேண்டும். இருபது நிமிடம். இந்த வருடமும் கேட்கச் சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் வகுப்பு சும்மா உட்கார்ந்திருந்தது. இராஜாக்கமங்கலத்திலிருந்து வருகிற பெனிட்டா நன்றாகப் படிக்கிற பெண். அவளிடம் போனேன்.

"அப்பிடி ஒண்ணும் இல்ல மிஸ்."

"ஒரு நாள்கூட நல்லா வேலை செஞ்சதில்லியா?"

"செஞ்சிருப்பேன். அத எப்பிடி மிஸ் நானே சொல்லதுக்கு?"

அவளுக்கு ஜோடி குளச்சல் மாஹின். அவன் அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. "கடையில யாவாரம் நல்லா ஓடுச்சுன்னு நான் இங்க சொன்னா, சாயந்தரத்துக்குள்ள அது குளச்சல் போயிரும் மிஸ். பொறவு கடையில ஒரு தையல் பிரிஞ்சாலும் வாப்பா என்னையத்தான் பிடிப்பாரு." பின்வரிசையில் ஒருவன் மட்டும் இருபது நிமிடமும் பேசினான். தன் சித்தி மகளின் கல்யாணத்தைத் தனி ஆளாக நடத்தி முடித்த கதை. அவன் ஜோடி எழுதுவதை நிறுத்திவிட்டு, "லேய், அந்தக் கல்யாணத்துக்கு நானும்தான் வந்தேன். நீ பந்தியில இருந்து எந்திரிக்கவே இல்லியே" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மெச்சத் தெரியாத கூட்டம் என்று பத்து நிமிடம் திட்டினேன். மெச்சி விசாரிப்பதை நான் திட்டித்தான் கற்றுக்கொடுக்கிறேன். ஏழு வருடமாக இது எனக்கு உறைக்கவில்லை.

அதெல்லாம் ரூபா வீட்டார் வந்துபோவதற்கு முந்திய வாரம். நீ போன் செய்தது திங்கட்கிழமை. புதன்கிழமை எனக்குக் களப்பணி இருந்தது, அதுவும் நம் முட்டத்திலேயே. மீன் விற்கிற பெண்களின் சங்கத்தில், இனி ஆளுக்கொரு சருவம் நிறைய மீனைத் தலையில் வைத்துக்கொண்டு தனித்தனியாக பஸ்ஸுக்கு நிற்காமல், எல்லோரும் சேர்ந்து ஒரு சிறிய வேன் ஏற்பாடு செய்யலாமா என்று யோசிக்கிறார்கள். பாதிப்பேருக்கு விருப்பம், பாதிப்பேருக்குச் சந்தேகம். மாற்ற மேலாண்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏலம் முடிந்து பெண்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "மெக்கானிக்குக்க பெண்டாட்டி டீச்சரு வந்திருக்கு" என்று ஒருத்தி அறிவித்தாள். பெனிட்டா நோட்டைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, முன்னால் உட்கார்ந்திருந்த செலினிடம் கேட்டாள்: "அக்கா, நீங்க ரொம்ப நல்லா வித்த ஒரு நாளப் பத்திச் சொல்லுங்க."

"நல்லா வித்த நாளா?" என்றாள் செலின். "அப்பிடி ஒரு நாள ஆண்டவரு எனக்குப் படைக்கவே இல்ல மக்களே."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். பத்துப் பேரைக் கேட்டுப் பத்து நஷ்டக் கதை எழுதிக்கொண்டோம். நான் கூச்சம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், செலினுக்குப் பக்கத்தில் பிலோமி உட்கார்ந்திருந்த விதத்தை. பேசாமல், முழுக் காதையும் இந்தப் பக்கம் கொடுத்து. எந்த நாள் நன்றாக விற்றது என்று சொன்னால் எந்தத் தெருவில் என்று சொல்ல வேண்டும். தெருவைச் சொன்னால் நாளைக் காலையில் அங்கே பிலோமி நிற்பாள். என் அழகான கேள்வி, போட்டிக்காரிகளை வரிசையாக உட்காரவைத்து, உங்கள் பிழைப்பின் ரகசியத்தை உரக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் புத்தகங்கள் ஒன்றிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாஹினுக்கு அலுத்துவிட்டது. பேச்சுக்காகச் செலினிடம், "பிலோமி அக்காவுக்கும் அப்பிடித்தானா?" என்றான்.

"அவளுக்கென்ன" என்று ஆரம்பித்தாள் செலின். "அவ போய் நின்னாப் போரும். சருவத்த எறக்கதுக்கு முன்னால பொம்பளையளு சட்டியோட வாசலுக்கு வந்துருவாளுவ. எந்த வீட்டுல பிள்ள பெத்திருக்குன்னு இவளுக்கு எப்பிடித்தான் தெரியுமோ, தாய்க்குப் பாலு ஊறட்டும்னு பால்சுறாவத் தனியா எடுத்து வச்சிருந்து கொண்டுபோய் நிப்பா. பொறவு அந்த வீட்டுல வேற எவ மீனாவது எறங்குமா? சவம், மந்திரம் போட்டு வச்சிருக்கா."

"ஏட்டி, ஒனக்கு என்ன கொறச்சல்?" என்றாள் பிலோமி. "ஏலக்காரன் வாயத் தெறக்கதுக்கு முன்னாலயே ஒன் மூஞ்சியப் பாத்து எறங்கி வாறான். நாங்க தொண்ட கிழியக் கத்தணும். ஒரு நாளு ஒன்ன ஏலத்துக்கு விட்டுட்டு நாங்க வீட்டுல கெடந்து ஒறங்கணும்."

அவ்வளவுதான். கால் மணி நேரம் கொட்டகையே அதிர்ந்தது. ஒருத்தி தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் அடுத்தவளின் திறமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். யார் ஏலத்தில் கெட்டிக்காரி, யாருக்கு வீடுகள் தெரியும், யார் பழைய மீனைத் தொடவே மாட்டாள். எந்தத் தெரு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பெனிட்டா மூன்று பக்கம் எழுதினாள். வேன் வந்தால் ஏலத்துக்குச் செலின், வீடுகளுக்குப் பிலோமி என்று அந்தச் சண்டையிலேயே பாதி முடிவாகிவிட்டது. ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒரு வகுப்பு முதல் வட்டத்தைத் தாண்டியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயந்தரமே உனக்குப் போன் செய்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். நம் ஊரில் குறை சொல்கிற குரலில்தான் மெச்சுவோம், ரூபாவின் அப்பாவிடம் நான் சொன்னதும் அந்த வகைதான், அவருக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்றேன். நீ முழுவதும் கேட்டாய். "அத அவருக்கு ஒரு பாடமா எடும்மா" என்றாய். மறுபடியும் வைத்துவிட்டாய். எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கத்தான் உனக்குச் சம்பளம். என் சித்தாந்தத்தில் எங்கே பிழை என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன?

பிழையை பெனிட்டா கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் முதல் பயிற்சியைத் திரும்பச் செய்யச் சொன்னேன், இந்த முறை அடுத்தவரைப் பற்றி. அவள் எழுந்து, "மொதல்ல நீங்க சொல்லுங்க மிஸ்" என்றாள். "ஒங்களப் பத்தி வேண்டாம். வீட்டுல ஒரு ஆளப் பத்தி." சரி என்று உன்னை எடுத்தேன். வாய் தானாக பஸ்ஸுக்குப் போனது. சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. உன் சித்தப்பாமாருக்கு, பக்கத்து வீட்டுக்கு, மதுரைக்காரருக்கு. இயற்பியல் மாதிரிச் செய்முறைத் தேர்வு, பையன் பாதி வழியில் இறங்கிவிட்டான், பரீட்சை போச்சு, அப்படி ஒரு பிள்ளை. இந்த இடத்தில் எல்லோரும் தலையசைப்பார்கள், நான் பெருமூச்சு விடுவேன், கதை முடியும்.

"எதுக்கு மிஸ் எறங்கினாரு?" என்று பெனிட்டா கேட்டாள்.

ஒன்பது வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் சொன்னதில்லை. அதனால் சொன்னேன். சுனாமிக்கு முந்தின பிப்ரவரி. நீ வடசேரி பஸ்ஸில் போகிறாய். பின்னால் ஒரு மீன்காரப் பெண், காலடியில் சருவம். தண்ணீர் ஒழுகுகிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். வெள்ளிச்சந்தை தாண்டி, நிறுத்தமில்லாத ஓர் இடத்தில், நடத்துநர் விசில் அடித்து அவளை இறங்கச் சொல்கிறார். அவள் இறங்குகிறாள். சருவத்தையும் இறக்கி வைத்ததும் பஸ் நகரத் தொடங்குகிறது. நீ எழுந்து கதவுக்குப் போய் இறங்கிவிட்டாய். ஏனென்றால் நிறைந்த சருவத்தை ஒரு ஆள் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒரு கை பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் வயலைத் தவிர ஒன்றும் கிடையாது. அடுத்த பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை. ஏற்றிவிட்டால் போதாது, வழியில் இளைப்பாற இறக்கினால் மறுபடி ஏற்ற வேண்டும், ஆகவே சந்தைவரை கூடவே நடந்திருக்கிறாய். மத்தியானம் வெள்ளைச் சட்டையில் மீன் தண்ணீரோடு வந்து நின்றாய். ஏன் என்று கத்தினேன். "தூக்கிவிட ஒரு ஆளு வேணும்லாம்மா" என்றாய். சாதாரணமாக. பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும் என்று சொல்வதுபோல.

"அதுக்கு நீதான் கெடச்சியா?" என்றேன். அதுவரைக்கும்தான் வகுப்பில் சொன்னேன். மாஹின் மெதுவாக, "மிஸ், இது கொறையா?" என்றான். நான் திரும்பி, பலகையில் எதுவும் எழுதாத இடத்தைத் துடைத்தேன்.

வகுப்பில் சொல்லாத மிச்சத்தை உனக்கு எழுதுகிறேன், உனக்குத் தெரியும் என்றாலும். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இயற்பியல் ஆசிரியர் காரணம் கேட்டார். நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, "வயித்துவலி சார்" என்றேன். மீன்காரிக்குச் சருவம் தூக்கிவிடப் போனான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை நீ பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை. நடத்துநர் அவளைத்தான் இறக்கிவிட்டார். நான் உன்னையும் இறக்கிவிட்டேன், அந்த ஆசிரியர் மேசை முன்னால். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் வந்து சொல்வதில்லை. கல்லூரியில் பரிசு வாங்கியதை உன் அப்பாவின் பட்டறையில் வேலை செய்கிறவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வேலை கிடைத்ததைக் கடைசியாக எனக்குச் சொன்னாய். கோபம் வந்தால் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டான் என்று ரூபாவின் அப்பாவிடம் சொன்னேன் அல்லவா, யாரிடம் திறக்க மாட்டான் என்பதைச் சொல்லவில்லை.

ஆகவே என் வாயில் நல்லது வராது என்று நீ சொன்னது சரி. என் சித்தாந்தம் தேறாது. செலின் பிலோமியைத் திட்டும்போது பால்சுறாவைச் சொல்லாமல் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாவது உள்ளதைச் சொன்னாள். நான் பஸ்ஸைச் சொன்னேன், இறங்கியதைச் சொன்னேன், பரீட்சை போனதைச் சொன்னேன். அந்தப் பெண்ணைச் சொல்லவில்லை. குறை சொல்லும் குரலில் மெச்சுவது ஒன்று. நல்லதை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குறையாக வைப்பது வேறொன்று. இதை ஊர்ப் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஊர் பாவம். ஊர் என்னைவிட நேர்மையாகத்தான் பேசுகிறது.

அந்த மீன்காரப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவே இல்லை.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது அறிவுரை சொல்ல வேண்டும். என்னிடம் அதிகம் இல்லை. ரூபா வளர்ந்த வீட்டில், எல்.கே.ஜி. படத்துக்குக்கூட உரக்கப் பேசியிருக்கிறார்கள். நீ வளர்ந்த வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு "கொள்ளாம்" என்றோம். அவள் ஒன்றை நன்றாகச் செய்தால் நீயும் "கொள்ளாம்" என்பாய்; அதுதான் உச்சம் என்று அவளுக்குத் தெரியாது. சுமார் என்று நினைத்துக்கொள்வாள். நீ அவளிடம் உன்னைப் பற்றி ஒரு குறையை வைத்துவிட்டு, அவள் மறுப்பாள் என்று காத்திருப்பாய். அவள் அப்பாவின் மகள், "ஆமா, கொஞ்சம் அப்படித்தான்" என்பாள். அதற்காக இரண்டு நாள் வாயை மூடிக்கொள்ளாதே. வேண்டியதைக் கேள். என்னிடம் கேட்காமல் இருந்துவிட்டாய், நானும் அதைச் சௌகரியம் என்று எடுத்துக்கொண்டேன். அவளிடம் அப்படிச் செய்யாதே. அவள் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, ஏன் என்று ஒரு முறை கேட்டுவிடு. பெனிட்டாவுக்கு இருபத்திரண்டு வயதுதான், அவளுக்கு அது தோன்றியது. எனக்கு இந்தத் துறையில் முனைவர் பட்டம் இருக்கிறது.

என்னை அழைத்துச் சமாதானம் சொல்லாதே. "விடும்மா" என்றும் சொல்லாதே. உன் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தரும்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை சாயந்தரம். சனிக்கிழமை காலை வடசேரியில் ஆறு மணி பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன், அவரைப் பேசவிட்டால் இஞ்சினுக்குப் போய்விடுவார். ரூபாவின் அப்பாதான் கதவைத் திறந்தார். அன்றைக்கு ஒரு கதையைப் பாதிதான் சொன்னேன், மிச்சம் இருக்கிறது என்றேன். உட்காரச் சொன்னார். சொன்னேன். வயிற்றுவலியையும் சொன்னேன். "ஆனால்" என்று ஓரிடத்தில் வாய்வரை வந்தது, நிறுத்திக்கொண்டேன். அவர் டிக்கெட் பார்க்கிற மாதிரியே கேட்டார். அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம், சருவம் எவ்வளவு கனம் இருக்கும், அன்றைக்கு உன் கையில் பணம் இருந்ததா, அந்த அம்மா பெயர் என்ன. தெரிந்ததைச் சொன்னேன். பெயர் தெரியாது என்றேன்.

"முப்பது வருஷத்துல எத்தனையோ பேரை நான் வண்டியில இருந்து இறக்கி விட்டிருக்கேங்க" என்றார். "கூட யாரும் இறங்கினதில்லை."

பிறகு உள்ளே போய் மனைவியை அழைத்து வந்தார். அந்தக் கதையை அவரே முதலிலிருந்து சொன்னார், ஓரிரு இடத்தில் கூட்டித்தான் சொன்னார், நான் திருத்தவில்லை. தவக்காலம் வருகிறது, அதில் கல்யாணம் கிடையாது; ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம் திங்கட்கிழமை என்று நாள் குறித்தோம். ரூபாவிடம் அவர் பேசுகிறார். உன்னிடம் நான் பேசுவதாகச் சொல்லிவிட்டு, மாட்டுத்தாவணியில் மூன்று மணி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, இந்தக் கடைசிப் பகுதியை எழுதி, உனக்கொன்றும் பத்திரிகைக்கொன்றுமாகத் தபாலில் போட்டேன்.